புக்கால கிடைச்ச ஆளுங்க: மறக்க முடியாத ஒரு சந்திப்பு சொல்லுங்க (நீலகிரி, கொடைக்கானல் பக்கம்)

கோத்தகிரி வாசகி

நானே ஆரம்பிக்கிறேன், ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு. 2020 லாக்டவுன் அப்போ டெலிகிராம்ல இளையோர் நாவல் படிக்கிறவங்க குரூப் ஒண்ணு ஓடிச்சு, நான் படிக்கிற இங்கிலீஷ் புக்கையெல்லாம் தமிழ்ல கதை மாதிரி எழுதிப் போடுவேன், ஒரு அத்தியாயத்துக்கு ஒரு போஸ்ட். கடைசி நாலஞ்சு அத்தியாயம் வந்தா நிறுத்திடுவேன், "இதுக்கு மேல ஸ்பாய்லர், புக்கை வாங்கிப் படிங்க"ன்னு போட்டுடுவேன். அதுதான் நியாயம்னு நெனச்சேன்.

சேரம்பாடி பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு, நைட்டு பத்து மணிக்கு மேலதான் பதில் வரும், பெருசு பெருசா எழுதுவா. ஹங்கர் கேம்ஸ்ல சீட்டுக் குலுக்கி பசங்களை ஒருத்தரையொருத்தர் கொல்ற போட்டிக்கு அனுப்புவாங்க, அதுல தங்கச்சி பேரு வந்ததும் "நான் போறேன்"னு அக்கா முன்னாடி வர்ற இடம் இருக்குல்ல, அதைப் போட்ட அன்னிக்கு "அக்கா, எங்க அம்மாவும் அழுதாங்க, நான் படிச்சுக் காட்டினேன்"னு எழுதியிருந்தா.

அப்புறம் ஒரு சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு கூடலூர் போனப்போ சொன்னேன், திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டா, அம்மாவையும் கூட்டிட்டு. அம்மா வேலையில இருந்து நேரா வந்திருக்காங்க, விரலெல்லாம் தேயிலைக் கொழுந்துக் கறை, கருப்பா. பொண்ணு பையில இருந்து ஒரு லாங் சைஸ் நோட்டு எடுத்தா, பிரவுன் அட்டை போட்டு லேபிள் ஒட்டி, பாடம்னு இருக்கிற இடத்துல "கதை"ன்னு எழுதியிருந்துச்சு. உள்ள நான் போட்ட போஸ்ட் எல்லாம் ஊதா பேனாவுல, ஒரு வரி விடாம. ஒவ்வொரு கதையிலயும் நான் ஸ்பாய்லர்னு நிறுத்தின இடத்துல இருந்து பச்சைப் பேனா.

"முடிவு நீங்க போடலல்லக்கா, புக்கு எங்க ஊருல எங்க கெடைக்கும், அதான் நானே எழுதிக்கிட்டேன்."

ஊட்டி பஸ் கெளம்பிட்டு இருந்துச்சு, கண்டக்டர் விசில் அடிக்கிறார், நாலு பக்கம்தான் புரட்டினேன். அந்த ஹங்கர் கேம்ஸ் புக்கு அப்போ என் பையிலயே இருந்துச்சுங்க. அண்ணன் முதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்தது, கை வரல. "அனுப்பி வைக்கிறேன்மா"ன்னு சொல்லிட்டு ஏறிட்டேன். கல்யாண வீட்டு வேலையெல்லாம் முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு அட்ரஸ் கேக்கலாம்னு பாத்தா டெலிட்டட் அக்கவுன்ட்னு வருது. அம்மா போன்ல இருந்துதான் பேசிட்டு இருந்தாளாம், நம்பரும் போயிடுச்சு.

ஜீப்பு கொடை

அக்கா உங்களுது படிச்சுட்டு வண்டிய ஓரம் கட்டிட்டு எழுதுறேன்.

நான் கொடைக்கானல்ல டாக்ஸி ஓட்டுறேன். படிப்பு நமக்கு வரல, எழுத்து கூட்டிப் படிக்கவே அஞ்சாம் கிளாஸ் ஆச்சு. டூரிஸ்ட்டுங்க கூட பேசிப் பேசி இங்கிலீஷ் காதுல ஏறிடுச்சு, கண்ணுலதான் ஏறல, அதனால ஆடியோவா கேக்குறது. பெர்சி ஜாக்சன், அதான் கிரேக்கக் கடல் சாமி பொசைடனோட மகன் கதை, மொதல் அஞ்சு புக்கும் ரெண்டு தடவை கேட்டாச்சு, பெருமாள் மலை ஏத்தத்துல கேட்டுக்கிட்டே ஓட்டுவேன். டேஷ்போர்டுல ஒரு திரிசூல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன்.

ஒரு சீசன்ல ஒரு குடும்பம், அப்பா அம்மா ஒரு பொண்ணு, பதிமூணு பதினாலு வயசு இருக்கும். காலையில ஏறினதுல இருந்து அந்தப் புள்ள வாயத் தொறக்கல, அப்பா மார்க்கு மார்க்குன்னு பேசிட்டே வர்றார். பில்லர் ராக்ஸ்ல ஒரே மிஸ்ட், பாறையே தெரியல, அவங்க ரெண்டு பேரும் எறங்கிப் போய் வெயிட் பண்றாங்க. இது வண்டியிலயே ஒக்காந்திருந்தது திடீர்னு கேட்டுச்சு, "அண்ணா, அது சிவனோடதா, பொசைடனோடதா?"

எனக்கு ஒடம்பே சிலிர்த்துடுச்சு. "ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பாப்பா"ன்னேன். அப்புறம் நிறுத்தவே இல்ல, கடகடன்னு பேசுது. அந்தக் கதையில பையனுக்கு எழுத்தெல்லாம் எடம் மாறி மாறித் தெரியும்ல, டிஸ்லெக்சியா, அவன் மூளை பழைய கிரேக்க எழுத்துக்குன்னே அமைஞ்சதுன்னு வரும். எழுதினவரோட மகனுக்கே அந்தப் பிரச்சினை இருந்துச்சு, அவனுக்குச் சொன்ன கதைதான் 2005ல மொதல் புக்கா வந்துச்சு. "எனக்கும் எழுத்து குதிக்கும்ணா, வீட்ல நம்ப மாட்டேங்குறாங்க"ன்னு சொல்லுச்சு. எனக்கும் அப்படித்தான் பாப்பான்னு சொன்னேன். இன்னொரு ஆளுகிட்ட அதைச் சொன்னது அதுதான் மொத தடவை.

அப்பா வந்துட்டார். "டிரைவர்கிட்ட என்ன பேச்சு"ன்னு புள்ளைய சீட்டு மாத்தி ஒக்கார வச்சுட்டார். ஏரிக்கு வந்து எறங்குற நேரம், பின் கண்ணாடி பூரா ஆவி பிடிச்சிருந்துச்சு, அதுல வெரலால "ஐடி?"ன்னு எழுதிக் காட்டுச்சு. நான் பாக்காத மாதிரி முன்னாடி திரும்பிக்கிட்டேன். ஆன்லைன்ல நம்ம பசங்க எத்தனை பேரு இந்தக் கதை பேசுறோம், அந்தக் குரூப்பு லிங்காவது சொல்லியிருக்கலாம். சரியா பண்ணினேனா தப்பா பண்ணினேனான்னு இன்னும் தெரியல.

குன்னூர் அம்மா

ஜீப்பு தம்பி, நீங்க குடுக்காதது நூத்துக்கு நூறு சரி. அந்த அப்பா பேசின விதம் தப்பு, ஆனா பயந்தது தப்பில்ல. எனக்கும் பொண்ணு இருக்கா. தெரியாத பெரியவங்க ஐடியை சின்னப் பொண்ணு கேட்டா, எவ்ளோ நல்ல மனுஷனா இருந்தாலும் குடுக்கக்கூடாது, கதை எவ்ளோ நல்ல கதையா இருந்தாலும்.

என் அனுபவம் சின்னது. என் பொண்ணு பிளஸ் ஒன் படிக்கும்போது வாட்பேட்ல, அதான் யாரு வேணா கதை எழுதிப் போடுற ஆப்புல, நாவல் எழுதிட்டு இருந்தான்னு எனக்கு வேற ஒருத்தங்க மூலமாத்தான் தெரிஞ்சது, முப்பத்தெட்டு பாகம், யாரோ முகம் தெரியாதவங்க "அடுத்த பாகம் எப்போ"ன்னு கேட்டுட்டு இருக்காங்க. போனை வாங்கி வச்சுட்டேன். அவ ஒண்ணுமே பேசாம அடுப்பாங்கரையில போய் நின்னா, பால் பொங்கி வழியுது, அணைக்காம பாத்துக்கிட்டே நின்னா. அதுதான் கண்ணுக்குள்ள நிக்குது.

இங்க இருக்கிற மத்த பெத்தவங்களுக்கு சொல்றேன். இளையோர் நாவல்னா 12ல இருந்து 18 வயசு வரைக்கும்னு பொதுவா சொல்றாங்க, ஆனா பன்னெண்டு வேற, பதினெட்டு வேற. அட்டையைப் பாத்து வாங்கிக் குடுக்காதீங்க, மொதல் மூணு அத்தியாயம் நீங்க படிங்க. கிண்டில்ல ஆரம்பப் பக்கங்கள் சும்மாவே கிடைக்கும். முடிஞ்சா ஒரே புக்கை ரெண்டு பேரும் படிங்க, சாப்பாட்டு நேரத்துல பேச விஷயம் கிடைக்கும், அப்போ புள்ள பேசுறதுக்கு வெளி ஆளைத் தேடாது. ஊட்டியில 1859ல ஆரம்பிச்ச நீலகிரி லைப்ரரியே இருக்கு, மெம்பர் ஆகணும், அது முடியாதவங்க மாவட்ட மைய நூலகத்துல கார்டு போடுங்க. கண்டிப்பா தமிழ்லயும் படிக்க வைங்க. யெஸ். பாலபாரதியோட மரப்பாச்சி சொன்ன ரகசியம் 2020ல பால சாகித்ய புரஸ்கார் வாங்கின புக்கு, தப்பான தொடுதல் பத்தி சின்னப் புள்ளைக்குப் புரியற மாதிரி சொல்லும், இந்த மாதிரி பேச்சை வீட்ல ஆரம்பிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல. ஐடியில சொந்தப் பேரு, ஸ்கூல் பேரு, யூனிஃபார்ம் போட்டோ எதுவும் வேண்டாம். நைட்டு போன் ஹால்லதான் இருக்கணும்.

பழைய ஆர்குட்

ரெண்டே வரி. 2007 ஜூலை 21, ஹாரி பாட்டர் கடைசி புக்கு ரிலீஸ். கோயம்புத்தூர்ல வேலை பாக்குற மாமா வாங்கி வச்சுட்டார், ஆனா குன்னூருக்கு எடுத்துட்டு வர நாலு நாள் ஆகும்னுட்டார். அன்னிக்கு சாயங்காலம் நெட் சென்டர்ல ஆர்குட் (அப்போ ஃபேஸ்புக் மாதிரி இருந்தது) தொறந்தா ஒரு ஸ்கிராப், அதான் மெசேஜ், கம்யூனிட்டில அப்பப்போ சண்டை போடுற ஒரு அண்ணன்: "தம்பி, இன்னும் புக்கு வரலைன்னு போட்டிருந்தியே, நாலு நாள் இந்தப் பக்கமே வராத, எவனாவது யார் செத்தான்னு போட்டுருவான், சிஸ்டத்தை ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போ." பத்து ரூபா குடுத்து ஒக்காந்திருந்தேன், அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சுட்டேன். அந்த நாலு நாளும் யாரும் எனக்கு எதையும் கெடுக்கல. 2014ல ஆர்குட்டையே மூடிட்டாங்க, அவர் பேரு கூட முழுசா தெரியாது.

பந்தலூர் வாத்தியார்

கோத்தகிரி சகோதரி, அந்தப் பொண்ணு எங்க ஸ்டூடன்ட் இல்லைன்னு நெனக்கிறேன், ஆனா என் கதையும் அதே புத்தகம்தான்.

பிளஸ் ஒன்ல ஒரு பொண்ணு, டேன்டீ, அதான் அரசு தேயிலைத் தோட்டம், அங்க லைன் வீடு. புத்தகம் என்னுது, டிக்‌ஷனரி வச்சுக்கிட்டு ஒரு டெர்ம் பூரா படிச்சா. அதுல ஒரு ஏற்பாடு வரும் தெரியும்ல, பன்னெண்டு வயசுல இருந்து பேரு சீட்டுல போகும், வீட்ல அரிசி பருப்பு இல்லைன்னா கூடுதலா பேரு எழுதிக் குடுத்து ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான தானியமும் எண்ணெயும் வாங்கிக்கலாம். பதினாறு வயசுல கதாநாயகி பேரு இருபது தடவை இருக்கும், அவ கூட்டாளி பேரு நாப்பத்திரெண்டு தடவை.

அந்தப் பக்கத்தைக் கொண்டு வந்து என் டேபிள்ல வச்சுட்டு சொன்னா, "சார், இது எங்க பாட்டி கதை. பாட்டி பேரையும் இப்படித்தான் எழுதி எடுத்தாங்க." பாட்டி இலங்கையில நுவரெலியால இருந்து வந்தவங்க. 1964 ஒப்பந்தத்துல இந்தியா, இலங்கை ரெண்டு பிரதமர்களும் ஒக்காந்து, அங்க இருந்த இந்திய வம்சாவளி ஆளுங்கள்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பாத்துக்கலாம்னு பிரிச்சாங்களே, அதைச் சொல்றா. தலைமன்னார்ல கப்பல் ஏறி, மண்டபம் கேம்ப்புல இருந்து, அங்கிருந்து இந்த மலைக்கு. அவங்களுக்காகத்தான் 1968ல இந்த அரசு தேயிலைத் தோட்டமே ஆரம்பிச்சாங்க. பாட்டி இதையெல்லாம் வீட்ல சொல்லவே மாட்டாங்களாம், இந்த அத்தியாயத்தை இவ தமிழ்ல சொன்ன அன்னிக்குத்தான் தகரப் பெட்டியைத் தொறந்து பேப்பரை எடுத்துக் காட்டியிருக்காங்க.

எழுதும்மான்னு சொன்னேன். நானும் அவளும் ரெண்டு நாள் ஒக்காந்து இங்கிலீஷ்ல எழுதி ஒரு வாசகர் பக்கத்துல போட்டோம். மொத பதிலே எங்கேயோ இருக்கிற ஒரு ஆளு, கதையாசிரியர் அப்படி நெனச்சு எழுதல, உங்க ஊர் அரசியலை இதுல கொண்டு வராதீங்கன்னு. அதுக்கு கீழ பதினாலு லைக். மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் குடுத்துட்டா. "அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார், போஸ்ட்டை எடுத்துட்டேன்." நான் அந்த ஆளுக்கு ஒரு பதில் எழுதியிருக்கணும். என் இங்கிலீஷ் பத்தாதுன்னு விட்டுட்டேன். இன்னிக்கும் கிளாஸுக்கு நடந்து போகும்போது அந்தப் பதிலை மனசுக்குள்ள எழுதிட்டுத்தான் போறேன்.

குன்னூர் மேடம், கோபப்படாதீங்க, உங்க யோசனையெல்லாம் நல்ல யோசனை, போனையும் ஹால்ல வைக்கலாம். ஆனா முப்பத்தெட்டு பாகம் எழுதின புள்ளைய நிறுத்தினது எனக்கு வலிக்குது. அவுட்சைடர்ஸ்ங்கிற இளையோர் நாவலை எழுதின ஹிண்டன் அதை எழுதினப்போ ஸ்கூல் பொண்ணு, 1967ல புத்தகம் வந்தப்போ அந்தம்மாவுக்கு 18 வயசுதான். உங்க பொண்ணுகிட்ட முப்பத்தொம்போதாவது பாகம் என்னன்னு கேட்டீங்களா?

குன்னூர் அம்மா

கேக்கல சார்.

அவ இப்போ காலேஜ் ரெண்டாம் வருஷம். போனை ஒரு மாசத்துல திருப்பிக் குடுத்துட்டேன், அவ எழுதுறதை மறுபடி ஆரம்பிக்கல, நானும் விட்டுட்டேன். நான் பயந்தது எழுத்தைப் பாத்து இல்ல, கீழ கமென்ட் போட்டவங்களைப் பாத்து, அது இப்போவும் மாறல. இருந்தாலும் ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா, கேக்குறேன்.

பூம்பாறைப் பையன்

ஜீப்பு அண்ணே நான் சொல்றேன், நீங்க குரூப் லிங்க்க அப்பா அம்மா முன்னாடியே சொல்லியிருக்கலாம், மறைச்சு சொல்றதுதான் தப்பு, "சார் உங்க பொண்ணு நல்லா கதை சொல்லுது, இந்தப் புக்கு ஆடியோவுலயும் கிடைக்குது, எழுத்து கஷ்டம்னா அதுல கேக்கலாம்"னு அவர்கிட்டயே சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? மிஞ்சிப் போனா திட்டியிருப்பார். அந்தப் புள்ளைக்காவது இவர் நம்ம பக்கம்னு தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் கோத்தகிரி அக்கா, முக்கியமானதை விட்டுட்டீங்க. அந்தப் பச்சைப் பேனாவுல என்ன முடிவு எழுதியிருந்துச்சு?

ஜீப்பு கொடை

தம்பி சொல்றது சரிதான். அந்த நேரத்துக்குத் தோணல.

கோத்தகிரி வாசகி

ஒண்ணுதான் முழுசா படிச்சேன், அதுவும் பஸ் படிக்கட்டுல நின்னுக்கிட்டு.

கதையில தங்கச்சிக்கு ஒரு ஆடு உண்டு, லேடின்னு பேரு, பால் கறந்து விப்பாங்க. நான் போஸ்ட்ல அதைப் பத்தி ஒரே ஒரு வரிதான் எழுதியிருப்பேன், ஆடும் ஒண்ணு வளத்தாங்கன்னு. இவ எழுதின முடிவுல அக்கா ஜெயிச்சு வீட்டுக்கு வர்றா, ஊரே ரயிலடியில நிக்குது, மேளம் எல்லாம் இருக்கு. அவ யாரையும் பாக்காம பின்பக்கம் போறா. எல்லாரும் டிவி முன்னாடி ஒக்காந்து அவளையே பாத்துக்கிட்டு இருந்ததுல அன்னிக்குக் காலையில இருந்து ஆட்டை யாரும் கவனிக்கல, மடி கட்டிப் போய் கத்திக்கிட்டு நிக்குது. சொம்பு எடுத்துட்டு வந்து, போட்டிக்குப் போட்டு விட்ட அதே துணியோட கீழ ஒக்காந்து கறக்க ஆரம்பிக்கிறா. தங்கச்சி வந்து பக்கத்துல ஒக்கார்றா. அதோட நிறுத்தியிருந்தா, கீழ தேதி போட்டு கையெழுத்து.

வாத்தியார் சார், சேரம்பாடி பக்கம் உங்களுக்குத் தெரிஞ்ச டீச்சருங்க இருந்தா கேட்டுப் பாருங்க, பிரவுன் அட்டை நோட்டு, லேபிள்ல "கதை"ன்னு இருக்கும். புக்கை பேப்பர்ல சுத்தி எடுத்து வச்சிருக்கேன். அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்.