டென் இயர் ஓல்டு பாயா, டென் இயர்ஸ் ஓல்டு பாயா?

கேள்வி:
'எ டென் இயர் ஓல்டு பாய்', 'எ டென் இயர்ஸ் ஓல்டு பாய்' இரண்டும் கண்ணில் படுகின்றன. பத்து என்றாலே பன்மைதானே, அப்புறம் ஏன் இயரை ஒருமையில் எழுதச் சொல்கிறார்கள்? 'ஹி இஸ் டென் இயர்ஸ் ஓல்டு' என்பதை மட்டும் யாரும் தப்பு என்பதில்லை.

பதில் 1:
வயது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்று பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். பாய் என்ற சொல்லுக்கு முன்னால் வரும்போது டென், இயர், ஓல்டு மூன்றும் ஹைபன் என்ற சிறு கோட்டால் ஒட்டிக்கொண்டு ஒரே பெயரடை ஆகிவிடுகின்றன, ஆங்கிலத்தில் பெயரடைக்குப் பன்மை கிடையாது. 'ரெட் கார்ஸ்' என்கிறோமே தவிர 'ரெட்ஸ் கார்ஸ்' என்பதில்லை. 'டூ அவர் எக்ஸாம்', 'ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்' எல்லாம் இதே கணக்குதான். 'த பாய் இஸ்' என்று தொடங்கி வயதைப் பின்னால் சொன்னால் இயர் தனிப் பெயர்ச்சொல், அதனால் எஸ் வேண்டும், ஹைபன் வேண்டாம்.

பதில் 2:
ஹைபனைப் பலர் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். 'ட்வென்டி இயர் ஓல்டு கார்ஸ்' என்பதில் மூன்று சொல்லையும் ஹைபனால் இணைத்தால் 20 வருடப் பழைய கார்கள். இயருக்கும் ஓல்டுக்கும் நடுவில் மட்டும் போட்டால் ஒரு வருடமே ஆன 20 கார்கள். அர்த்தமே தலைகீழ்.

கேட்டவர்:
சரி, இப்போது புரிகிறது. ஆனால் 'எ கிளாஸ் ஆஃப் டென் இயர் ஓல்ட்ஸ்' என்றும் எழுதுகிறார்களே, அங்கே எஸ் எப்படி வந்தது?

பதில் 1:
அங்கே பின்னால் பாயும் இல்லை, கேர்ளும் இல்லை, அந்தத் தொடரே பெயர்ச்சொல் ஆகிவிட்டது. அதனால் பன்மை எஸ் கடைசியில் ஓல்டோடு சேரும், ஹைபன்கள் அப்படியே இருக்கும். இன்னொன்று, 8, 11, 18 வயது என்றால் முன்னால் 'எ' போடக் கூடாது, 'ஆன்' வர வேண்டும், ஏனென்றால் அந்த எண்கள் உயிர் ஒலியில் தொடங்குகின்றன.

பதில் 3:
இந்த விதியை எல்லா இடத்திலும் நீட்டிவிடாதீர்கள். எண்ணும் அளவும் சேர்ந்து வரும் தொடர்களுக்குத்தான் இது. 'ஸ்போர்ட்ஸ் கார்', 'சேவிங்ஸ் அக்கவுண்ட்' இரண்டிலும் எஸ் இருக்கத்தான் வேண்டும். 'டூ வீக்ஸ் லீவ்' என்பதும் சரிதான், ஆனால் அந்த எஸ்ஸுக்குப் பின்னால் அப்பாஸ்ட்ரஃபி (’) வரும், முன்னால் 'எ' வராது.