எட்னா எரிமலை, ஒயின் ஊருங்க, 5 நாள்: கார் எடுக்கணுமா வேணாமா?

ஈரோட்டு_இளவட்டம்:
அக்டோபர்ல நானும் வீட்டம்மாவும் இத்தாலில இருக்கற சிசிலி தீவுக்குப் போறோம். கட்டானியால இறங்கி 5 நாளும் எட்னாவைச் சுத்தி மட்டும்தான், ரோம் வெனிஸ்னு ஓடப்போறதில்ல. எரிமலை பாக்கணும், அந்த லாவா மண்ணுல இருக்கற திராட்சைத் தோட்டம் ரெண்டு மூணு போயி ஒயின் ருசி பாக்கணும், அவ்வளவுதான். கார் எடுத்து நானே ஓட்டலாம்னு ஆர்டிஓ ஆபீஸ்ல ஐடிபி (வெளிநாட்டுல வண்டி ஓட்டற பர்மிட்) கூட வாங்கியாச்சு. வலது பக்கம் ஓட்டிப் பழக்கமில்ல. போனவங்க சொல்லுங்க.

டாப்கியர்:
யோசிக்கவே வேணாம், எடுங்க. நான் போன வருசம் ஓட்டினேன். ஃபியூமெஃப்ரெட்டோல ஹைவேய விட்டு இறங்கி எஸ்எஸ்120 ரோட்டைப் பிடிச்சா லிங்குவாக்ளோசா, பாசோபிஷாரோ, ராந்தாட்சோன்னு வடக்குச் சரிவு முழுக்க வரும், நல்ல ஒயின்காரங்க பாதிப் பேரு அந்த ரோட்டுலதான். ராந்தாட்சோ கிட்ட 1981ல வந்த லாவா ரோட்டையும் ரயில் பாதையையும் அறுத்துக்கிட்டு கீழ ஆல்கன்டரா ஆறு வரைக்கும் போயிருக்கு, இப்ப அது மேலயே ரோடு போட்டிருக்காங்க, ரெண்டு பக்கமும் கரி கொட்டின மாதிரி கல்லு, அதுமேல வெளிர் சாம்பல்ல பாசி மாதிரி ஒண்ணு படர்ந்திருக்கு. வண்டிய ஓரங்கட்டிட்டு சும்மா கைய வெச்சேன், அரம் மாதிரி உள்ளங்கையைக் கீறிருச்சு. எந்த டூர் பஸ்காரன் அங்க நிப்பாட்டுவான்?

ஜன்னலோரம்:
இவர் ஒயின் குடிக்கப் போறேங்கறார், கார் ஓட்டப் போறேங்கறார், ரெண்டும் ஒரே ஆளு. அதைப் பத்தி யாரும் பேசவே இல்லையே? இத்தாலில வண்டி ஓட்டறவங்களுக்கு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் லிமிட், லைசென்ஸ் வாங்கி 3 வருசம் ஆகலேன்னா சுத்தமா பூஜ்யம். ருசி பாக்கறதுதானேன்னு போயி உக்காந்தா 4, 5 கிளாஸ் வரிசையா வைப்பாங்க, கூட சீஸ், ரொட்டி, ஆலிவ் எண்ணெய்னு பேசிக்கிட்டே ஒன்றரை மணி நேரம் ஓடிரும். அப்புறம் அந்த வளைவு ரோட்டுல பழக்கமில்லாத பக்கம் ஓட்டணும்.

சிர்கும்எட்னேயான்னு ஒரு குட்டி ரயில் எட்னாவைச் சுத்தி ஓடுது, 1890கள்ல போட்ட குறுகிய பாதை, மொத்தம் சுமார் 110 கிலோமீட்டர். இப்ப எந்த ஸ்டேஷன் வரைக்கும் ஓடுதுன்னு மட்டும் பாத்துட்டுப் போங்க.

டாப்கியர்:
துப்பறதுக்குன்னே வாளி வைப்பாங்க சார், ஒயின் தொழில்ல இருக்கறவங்களே துப்பிட்டுத்தான் போறாங்க. அந்த ரயில் சாதாரணமா ஞாயித்துக்கிழமை ஓடாது. ஸ்டேஷன்ல இறங்கி தோட்டத்துக்கு மலை மேல ரெண்டு மூணு கிலோமீட்டர் யார் நடக்கறது? தெற்குப் பக்கம் ரிஃபூஜியோ சபியன்சா, 1900 மீட்டர் உசரம், கேபிள் கார் கிளம்பற இடம், அங்க கட்டானியாலருந்து நாளைக்கு ஒரே பஸ்ஸு, காலைல போயி சாயங்காலம்தான் திரும்பும். மேகம் மூடிருச்சுன்னா நாள் பூரா அங்கயே குந்தியிருங்க.

ஜன்னலோரம்:
இவ்ளோ தூரம் பறந்து போயி வாளில துப்பறதுக்கா? 😂

அந்த சிவப்பு ஒயினுக்குப் போடற திராட்சை பேரு நெரெல்லோ மஸ்காலேசே. மஸ்காலிங்கற ஊர்லருந்து வந்த பேரு. 1928 நவம்பர்ல லாவா வந்து அந்த ஊரையே மூடிருச்சு, இப்ப இருக்கறது அப்புறமா கட்டினது. ஊரு மண்ணுக்குள்ள போயிருச்சு, கொடி மட்டும் மலையில நிக்குது, அதுவும் சில தோட்டத்துல 100 வருசம் தாண்டின கொடி, ஒட்டுக்கட்டாத சொந்த வேர்லயே. ஐரோப்பா முழுக்க கொடிய அழிச்ச ஃபில்லாக்சரா பூச்சியால இந்த லாவா மணல்ல சரியா பரவ முடியலயாம். நிறம் பாத்தா தண்ணி கலந்துட்டாங்களோன்னு தோணும், வாயில வெச்சா புளிப்பு தூக்கும். இதைப் போயி துப்பிட்டு வான்னு சொல்றீங்க.

கார்ல போன அனுபவம் எனக்கும் இருக்கு. ஊருக்குள்ள இசட்டிஎல்னு வெளி வண்டி நுழையக்கூடாத தெரு, மேல கேமரா. கூகுள் மேப் சொல்லுச்சுன்னு நுழைஞ்சேன். சென்னை வந்து 4 மாசம் கழிச்சு கார் கம்பெனிக்காரன் என் அட்ரஸைப் போலீசுக்குக் குடுத்ததுக்கே தனியா கார்டுல காசு புடுங்கிட்டான், அபராதம் அதுக்கப்புறம் வந்துச்சு.

டாப்கியர்:
போர்டு பாக்காம நுழைஞ்சது உங்க தப்பு, காரோட தப்பா?

பலெர்மோ_பொடியன்:
ரெண்டு பேரும் சண்டை பிடியாதேங்கோ. நான் இஞ்சை சிசிலியிலதான் கன வருசமா இருக்கிறன், வேலை விசயமா கட்டானியாவுக்கு அடிக்கடி ஓடுறனான். நீங்கள் ஒருத்தரும் சொல்லாத ஒண்டு சாம்பல். எட்னா துப்பத் தொடங்கினால் கட்டானியா எயார்போட்டையே மூடிப்போடுவாங்கள். சாம்பல் எண்டால் அடுப்புச் சாம்பல் இல்லை, கறுத்த குறுமணல், பல்லில கடிபடும், ரோட்டில பிரேக் அடிச்சால் வழுக்கும். கூடக் கொட்டினால் ஸ்கூட்டர், மோட்டச்சைக்கிள் ஓடக்கூடாது, கார் 30க்கு மேல போகக்கூடாதெண்டு நகரசபை அறிவிக்கும். கண்ணாடியில விழுந்தால் உடன வைப்பரைப் போடாதேங்கோ, அப்பிடியே கீறிப்போடும், முதல்ல போத்தில் தண்ணி ஊத்திக் கழுவுங்கோ. வாடகைக் கார் எண்டால் அந்தக் கீறலுக்கும் காசு நீங்கள்தான்.

மற்றது, மேல கேபிள் கார் 2500 மீட்டர் மட்டும்தான். அதுக்கு மேல வழிகாட்டி இல்லாமல் ஏறாதேங்கோ. 2025 ஜூன் 2ஆம் திகதி முகடு ஒரு பக்கம் இடிஞ்சு புகை உருண்டு வர, மேல நிண்ட சனம் ஓடினதைப் பாத்திருப்பியள்.

காரைப் பற்றிக் கேட்டால், எடுங்கோ. ஆனா ஒயினுக்குப் போற நாள் மட்டும் ட்ரைவரோட ஒரு வண்டி பேசுங்கோ.

ஜன்னலோரம்:
அண்ணா சொன்னா சரி. சாம்பல் விசயம் எனக்கும் தெரியாது.

டாப்கியர்:
ட்ரைவர் வண்டின்னா ஒரு நாளைக்கே என்னோட 3 நாள் வாடகை ஆயிரும் அண்ணா, ரெண்டே பேருக்கு அது வேஸ்ட்டு. கூட ஒருத்தர் குடிக்காம இருந்தா போதும்.

ஈரோட்டு_இளவட்டம்:
எல்லாருக்கும் நன்றி. வீட்டம்மா த்ரெட் முழுக்கப் படிச்சிட்டாங்க. அவங்க குடிக்க மாட்டாங்க, 6 வருசமா கார் ஓட்டறாங்க, என்னைவிட நல்லாவே. "நான் ஓட்டறேன், நீங்க குடிச்சிட்டு பின் சீட்ல உக்காந்து வழி சொல்லாம வாங்க"ன்னு தீர்ப்பு.

ஜன்னலோரம்:
சூப்பர். ஐடிபி யார் பேர்ல எடுத்தீங்க?

ஈரோட்டு_இளவட்டம்:
...என் பேர்ல மட்டும்.

டாப்கியர்:
😂😂 புக்கிங்ல ரெண்டாவது ட்ரைவர்னு அவங்க பேரையும் சேக்கச் சொல்லுங்க, அதுக்குத் தனி காசு.

ஈரோட்டு_இளவட்டம்:
திங்கக்கிழமை மறுபடி ஆர்டிஓ ஆபீஸ். "நான் வரமாட்டேன், லீவ் போட்டு நீங்களே கூட்டிட்டுப் போங்க"ங்கறாங்க.