விண்டோ பீரியட்: ‘பிடிபடாக் காலம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘விண்டோ பீரியட்’ (window period) என்பதற்குத் தமிழில் சொல்லப்படும் ‘சாளரக் காலம்’ வேண்டாம் என்பது என் கருத்து. சாளரம் பார்ப்பதற்கு உள்ளது. நாம் சொல்ல வருவதோ, உடம்பில் வைரஸ் இருந்தும் சோதனையின் கண்ணுக்குத் தெரியாத நாட்களை.

அக்கா மகளுக்குக் காய்ச்சல் கண்ட இரண்டாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். டெங்கு ஐஜிஎம் மட்டும் பார்த்தார்கள். தாளில் ‘நெகட்டிவ்’ என்று வந்தது. அக்கா அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, “டெங்கு இல்லையாம்” என்று எல்லோருக்கும் போன் போட்டார். ஆறாம் நாள் மறுபடி பார்த்தால் பாசிட்டிவ். ஐஜிஎம் என்பது கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). காய்ச்சல் தொடங்கி நாலைந்து நாள் ஆனால்தான் பெரும்பாலும் சோதனையில் தெரியும். என்எஸ்1 என்பதோ டெங்கு வைரஸின் சொந்தப் புரதம், காய்ச்சலின் முதல் நாளிலேயே ரத்தத்தில் இருக்கும். அன்றைக்கு அதையும் பார்த்திருந்தால் அநேகமாக அப்போதே தெரிந்திருக்கும்.

ஆக, இந்தக் காலம் நோயை மட்டும் பொறுத்ததல்ல, சோதனையையும் பொறுத்தது. எச்ஐவியில் இது இன்னும் தெளிவு. தொற்றிய பிறகு வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் சோதனைக்கு அது பிடிபட 10 முதல் 33 நாள் ஆகும். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் சோதனைக்கு 23 முதல் 90 நாள். கிருமி ஒன்றுதான்.

அதனால்தான் ‘மறைகாலம்’ என்ற யோசனையும் எனக்கு ஒப்பவில்லை. கிருமி பதுங்கியிருப்பதாகப் பொருள் வந்துவிடும். நோயரும்பு காலத்தோடும், அதாவது கிருமி தொற்றி அறிகுறி தெரியும்வரையுள்ள நாட்களோடும், குழம்பும். அக்கா மகளுக்கு நோய் அரும்பி முடிந்து, காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. தெரியாமல் இருந்தது அந்த ஒரு சோதனைக்குத்தான்.

‘என்ன காய்ச்சல்னே பிடிபடல’ என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம்: பிடிபடாக் காலம். வாடாப் பூ போல, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் இடிக்காது. எழுதும்போது சோதனையின் பெயரையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்: ‘ஐஜிஎம் சோதனையின் பிடிபடாக் காலம்’. தனியாக எழுதினால் மறுபடியும் நோயின் குணமாகவே படிப்பார்கள்.

ஒரு சிக்கல் பாக்கி. ஒரு வாரம் போனால் என்எஸ்1 ரத்தத்தில் குறைந்துவிடும், அப்போதும் நெகட்டிவ் வரலாம். அந்தப் பின்பகுதிக்கு இந்தச் சொல் பொருந்தாது. ‘மங்கு காலம்’ சரிப்படுமா? ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.