நாவற்பழமும் கிளாப்பழமும் போட்டுச் சுடுற பை (pie): அடி ஏன் களி மாதிரி வருது?

அடுப்படி (கேள்வி)

வணக்கம். நாவல் உதிரத் தொடங்கியிட்டுது, கிளாவும் கறுத்து வருது. ரெண்டையும் சேர்த்து ஒன்பது அங்குலத் தட்டிலை, மேலையும் கீழையும் மா வைச்சு மூடிப் பை சுட்டால் மூண்டு பிழை வருது. அடி மா வேகாமல் களி மாதிரிக் கிடக்குது. வெட்டின உடனை சாறு தட்டெல்லாம் ஓடுது. மா பழத்தைத் தொட்ட இடமெல்லாம் சாம்பல் கலந்த நீலமாய் மாறுது.

அளவு இதுதான்: கோதுமை மா 300 கிராம், மாஜரின் 150 கிராம், அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி, பழம் 800 கிராம், சீனி 200 கிராம், சோளமா ரெண்டு மேசைக்கரண்டி. பழத்தைப் பச்சையாய்ச் சீனியிலை பிரட்டி உள்ளுக்கு வைக்கிறது. சின்ன மேசை ஓவனிலை 180 பாகை, 40 நிமிசம். எங்கை பிழை? கிளாப்பழத்திலை வாற பாலாலை ஏதும் கெடுதல் இருக்கோ?

கொக்கத்தடி

பிடுங்கிறதைப் பற்றி நான் சொல்லுறன், சுடுறதைத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லட்டும்.

நாவலை நிலத்திலை பொறுக்காதேங்கோ. தோல் மெல்லிசு. விழேக்கை வெடிச்சு, வெடிப்புக்குள்ளை குறுமணல் ஏறியிடும். எத்தினை தண்ணியிலை அலசினாலும் ஒண்டு ரெண்டு கிடந்து பல்லிலை கடிபடும். காலமை வெய்யில் ஏற முதல் மரத்துக்குக் கீழை படங்கோ பழைய சீலையோ விரிச்சு, கொக்கத்தடியாலை கொப்பை மெல்ல உலுப்புங்கோ. நல்லாய்ப் பழுத்ததுதான் விழும். கத்தரிப்பூ நிறத்திலை நிக்கிறதை இழுத்துப் பிடுங்கினால் துவர்தான் மிஞ்சும், அந்தத் துவர் எவ்வளவு சீனி கொட்டினாலும் அடங்காது. கடகத்திலை ஒரு சாணுக்கு மேலை குவிச்சால் அடியிலை கிடக்கிறது நசிஞ்சு பின்னேரத்துக்குள்ளை புளிச்ச மணம் வந்திடும். அண்டண்டைக்கே கொட்டை எடுங்கோ.

கிளாவை இப்பிடி அடையாளம் பிடிக்கலாம். தோல் மாதிரித் தடிச்ச இலை எதிரெதிரே சோடியாய் நிக்கும். கணுவிலை நேரான முள், அதுவும் சோடியாய், சிலது நுனியிலை கவர் விட்டிருக்கும். பூ வெள்ளை, அஞ்சு இதழ், மல்லிகைச் சாயலிலை மணக்கும். முள் கொக்கி மாதிரி வளைஞ்சு, இலையும் மாறி மாறி நிண்டால் அது சூரை. சூரைப்பழமும் தின்னலாம், ஆனால் ஒரு கொட்டையைச் சுத்தி விரல்நகம் அளவுக்குத்தான் சதை, பைக்குக் காணாது.

பால் பயப்பிட ஒண்டுமில்லை. காயிலை கனக்க இருக்கும், கறுக்கக் கறுக்கக் குறையும். காம்பைக் கிள்ளிப் பாருங்கோ, கிள்ளின இடத்திலை வெள்ளைப் பொட்டு மாதிரி ஒரு துளி வந்து நிண்டு, கொஞ்ச நேரத்திலை பிசினாய் இறுகும். அதுதான் வாயிலை பிசுபிசுக்கிறது. ஒரு லீற்றர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு 20 நிமிசம் ஊற விட்டுக் கழுவினால் போயிடும். கையிலை ஒட்டினதுக்குச் சவுக்காரம் கேளாது, தேங்காயெண்ணெய் பூசித் துடைக்க வேணும். ஆனால் இது கிளாவுக்கு மட்டும். பால் வடியிற வேறை பற்றைப்பழம், பேர் நிச்சயமாய்த் தெரியாட்டி வாயிலை வைக்கக் கூடாது.

இன்னொண்டு, இதைக் கட்டாயம் கேளுங்கோ. சண்டை நடந்த முகமாலைப் பக்கம் பழம் தேடிப் பற்றைக்குள்ளை இறங்காதேங்கோ. மண்டையோட்டுப் பலகை நிக்கிற இடத்தில மட்டுமில்லை, பலகை விழுந்து போன இடத்திலையும் மிதிவெடி இருக்கலாம். ஆள் நடமாடுற ஒழுங்கை ஓரம், தோட்ட வேலி, தெரிஞ்ச ஆக்களின்ரை காணி, அவ்வளவும் போதும். சுண்டிக்குளம் தேசிய பூங்கா, அங்கை பிடுங்கிறது சட்டப்படி குற்றம்.

போறணை

உங்கடை மூண்டு பிழைக்கும் மூண்டு காரணம்.

நீலம் அப்பச்சோடாவாலை வாறது. நாவலின்ரை ஊதாச் சாயம் புளியிலை சிவக்கும், காரத்திலை நீலமாகும். ஒரு கரண்டி நாவற்சாற்றிலை ஒரு சிட்டிகை சோடா போட்டுப் பாருங்கோ, கண்ணுக்கு முன்னாலை நிறம் மாறும். இந்த மாவுக்குச் சோடாவும் வேண்டாம், பேக்கிங் பவுடரும் வேண்டாம். அடுக்கடுக்காய் வாறது மாவுக்குள்ளை தட்டையாய்க் கிடக்கிற குளிர்ந்த கொழுப்பாலை. பழத்தை இரும்புத் தாச்சியிலையும் காய்ச்சாதேங்கோ, நாவல் துவரும் இரும்பும் சேர்ந்தால் கறுத்துப்போகும். எவர்சில்வர்ச் சட்டி நல்லது.

சாறு ஓடுறது பச்சைப் பழத்தை வைக்கிறதாலை. சீனி சாற்றை வெளியிலை இழுக்கும், ரெண்டு கரண்டி சோளமா அதைக் கட்டாது. அதோடை சோளமா கொதி நிலைக்குக் கிட்டப் போனால்தான் இறுகும். உங்கடை 40 நிமிசத்திலை நடுப்பகுதி அந்தச் சூட்டுக்கே போயிருக்காது.

இப்பிடிச் செய்யுங்கோ. நாவற்சதை 450 கிராம், அதுக்கு ஒரு கிலோப் பழம் வேணும், சின்னக் காட்டு நாவலிலை பாதிதான் தேறும். கிளாப்பழம் 250 கிராம், அதிலை காற்பங்கு சிவப்பாய் நிக்கிற அரைப்பழமாய் இருக்கட்டும். பழச்சாற்றைக் கட்டியாக்கிற பெக்ரின் அரைப்பழத்திலைதான் கூட. கிளாவை அரைக் கோப்பை தண்ணியிலை 10 நிமிசம் அவிச்சு, கரண்டியாலை மசிச்சு, வடியிலை தேய்ச்சு விதையை நீக்குங்கோ. நாவற்சதையிலை 170 கிராம் சீனியும் கால் தேக்கரண்டி உப்பும் பிரட்டி அரை மணித்தியாலம் வைச்சு, ஊறின சாற்றை மட்டும் வடிச்சு, கிளா மசியலோடை சேர்த்து அரைவாசியாய் வத்தக் காய்ச்சுங்கோ. மூண்டு மேசைக்கரண்டி சோளமாவைப் பச்சைத்தண்ணியிலை கரைச்சு ஊத்தி, வெள்ளைக் கலங்கல் போய்ப் பளபளக்கும் வரை, ஒரு நிமிசம் கொதிச்சால் காணும். இறக்கிப் பிறகு நாவற்சதையைப் போடுங்கோ. கனநேரம் அவிஞ்சால் தோலிலை இருக்கிற துவர் இறங்கும். வடிவாய் ஆறின பிறகுதான் மாவுக்குள்ளை வைக்க வேணும். சூட்டோடை வைச்சால் பட்டர் உருகி அடி அங்கையே களியாகும்.

மாவுக்கு 320 கிராம் கோதுமை மா, 200 கிராம் பட்டர், ஒரு தேக்கரண்டி உப்பு, ஐஸ் தண்ணி 80 மில்லி லீற்றர். பட்டர் இல்லையெண்டால் கட்டி மாஜரின். டப்பாவிலை வாற பூசுற மாஜரினிலை தண்ணி கூட. தேங்காயெண்ணெய் எங்கடை வெக்கையிலை எப்பவும் உருகியே கிடக்கும், அதாலை அடுக்கு வராது. மாவையும் வெட்டின பட்டரையும் அரை மணித்தியாலம் குளிரிலை வைச்சு எடுத்து, விரல் நுனியாலை மட்டும் உதிர்த்துப் பிசறுங்கோ. கடலை அளவிலை பட்டர்த் துண்டு தெரியவேணும். முழுக்கக் கரைஞ்சால் பிஸ்கற் மாதிரி வரும். தண்ணியைக் கரண்டி கரண்டியாய்த் தெளிச்சு, கையிலை பிடிச்சால் ஒட்டுற பதத்திலை நிப்பாட்டி, ரொட்டிக்குக் குழைக்கிற மாதிரிக் குழைக்காமல் ஒரு மணித்தியாலம் பிறிஜ்ஜிலை வையுங்கோ. ஆறப் போடாத மா ஓவனிலை சுருங்கி விளிம்பு உள்ளுக்கு விழும். காலமை ஏழு மணிக்கு முதல் உருட்டினால் பாதி வேலை சுகம்.

அடி வேக, கண்ணாடித் தட்டை விட்டிட்டுத் தகரத் தட்டு எடுங்கோ. தோசைக்கல்லை ஓவனின்ரை கீழ்த்தட்டிலை வைச்சு 220 பாகையிலை 20 நிமிசம் காய விட்டு, பைத் தட்டை நேரை அந்தக் கல்லிலை வையுங்கோ. அடி மாவிலை ஒரு மேசைக்கரண்டி ரஸ்க் தூள் தூவுங்கோ. 20 நிமிசம் 220, பிறகு 180க்கு இறக்கி 35 நிமிசம். மேல் மாவிலை நாலு கீறல் போடுங்கோ. அந்தக் கீறலுக்குள்ளாலை, ஓரத்திலை மட்டுமில்லை நடுவிலையும், சாறு தடிச்ச குமிழாய்க் கொதிச்சால்தான் வெந்தது. மேல் கறுக்கப் பார்த்தால் சில்வர் பேப்பர் மூடுங்கோ. வெட்ட நாலு மணித்தியாலம் பொறுக்க வேணும், ஆறும்போதுதான் உள்ளுக்கு இறுகும்.

சவ்வரிசி

போறணை அண்ணை சொன்னதிலை ஒரு மாற்றம். கிளா கடும் புளி. புளியோடை சோளமா கனநேரம் கொதிச்சால் இறுகினது திரும்ப நீர்த்துப்போகும், அடுத்த நாள் தண்ணியும் விடும். அதுக்குப் பதிலாய்ச் சவ்வரிசியை மிக்ஸியிலை தூளாக்கி, அரிச்சு, நாலு மேசைக்கரண்டி போடுங்கோ. அது மரவள்ளி மாதான். புளிக்கு நிண்டு பிடிக்கும், நிறத்தையும் மங்க விடாது. அரிக்காமல் போட்டால் குறுணி வேகாமல் வெள்ளையாய்த் தெரியும். வத்தக் காய்ச்சின சாற்றிலை கரைச்சு 15 நிமிசம் ஊற விட்டு, பிறகு ஒரு கொதி.

கிளா கிடைக்காமல் நாவல் மட்டும் எண்டால் ரெண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி விடுங்கோ. சீனிக்குப் பதிலாய்ப் பனங்கட்டி எண்டு கேக்கிற ஆக்களுக்கு: பத்துக்கு ரெண்டு பங்குக்கு மேலை வேண்டாம். அதின்ரை மணம் நாவலை மூடிப்போடும், சிவப்பும் மண்ணிறமாய்ப் போகும்.

அடுப்படி

போறணை, கொக்கத்தடி, சவ்வரிசி, மூண்டு பேருக்கும் நன்றி. சோடாதான் எண்டு நினைச்சும் பாக்கேல்லை. இன்னும் ரெண்டு கேள்வி. ஓவன் இல்லாத வீட்டிலை சிரட்டைக்கரியிலை இதைச் சுடலாமோ? கிளாவும் நாவலும் ஒரே கிழமையிலை கிடைக்காட்டி என்ன செய்யிறது?

போறணை

சுடலாம். அடி தடிச்ச பெரிய அலுமினியப் பானையிலை கழுவிக் காய்ஞ்ச மணல் ரெண்டு விரற்கடை உயரத்துக்குப் போட்டு, மேலை மூண்டு கல் வைச்சு மூடி, நல்ல தணலிலை 20 நிமிசம் சூடாக்குங்கோ. ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டை உள்ளுக்கு வைச்சு மூடிப் பாருங்கோ. ரெண்டு நிமிசத்திலை தேயிலைச் சாய நிறம் வந்தால் பதம், கறுத்தால் கொஞ்சத் தணலை இழுத்து விடுங்கோ. பைத் தட்டை கல்லிலை வைச்சுத் தட்டையான மூடி போட்டு, மூடிக்கு மேலை சிரட்டைத் தணல் பரப்புங்கோ. மேலை ரெண்டு பங்கு, கீழை ஒரு பங்கு. கீழை கூடினால் அடி கரியும், மேல் வெளிறிக் கிடக்கும். 50 நிமிசத்துக்கு முதல் திறக்க வேண்டாம். திறக்கேக்கை மூடியைச் சரிக்காமல் நேரை தூக்குங்கோ, சாம்பல் விழும்.

சவ்வரிசி

முதல் கிடைக்கிறதைக் குளிரிலை போடுங்கோ. நாவலைக் கொட்டை எடுத்து, சதை 450 கிராமுக்கு 50 கிராம் சீனி பிரட்டி, ஒரு பைக்குக் காணும் அளவாய்ப் பொட்டலம் கட்டி உறைய விடலாம், பிறகு சேர்க்கிற சீனியிலை அந்த 50ஐக் கழியுங்கோ. உறைஞ்சு உருகினால் கூடச் சாறு விடும். அந்தச் சாற்றை ஊத்தாமல் முழுக்கச் சட்டியிலை விட்டு வத்தக் காய்ச்சுங்கோ, நிறமும் மணமும் அதிலைதான் கிடக்கு. கிளாவை முழுசாய், ஈரம் துடைச்சு, தட்டிலை ஒண்டோடை ஒண்டு முட்டாமல் பரப்பி உறைஞ்ச பிறகு பொலித்தீன் பையிலை போடுங்கோ. ஈரத்தோடை போட்டால் ஒரே கட்டியாய் ஒட்டி, எடுக்கேக்கை கத்திதான் வேணும்.