பார்வையீடு, இயக்கச்சோதனை: இரண்டு வேலைக்கு இரண்டு சொல்

அன்புள்ள ஐயா, குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தீயணைப்பு அமைப்புகளைக் கண்ணால் பார்ப்பதற்கும் இயக்கிப் பார்ப்பதற்கும் பதிவேட்டில் எழுதத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு நீங்கள் எழுதியது:

> ‘ஆய்வு’ என்ற சொல்லே போதும். எதைக் குறிக்கிறது என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

ஐயா, இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அடுக்குமாடிக் கட்டடங்களில் தீயணைப்புப் பம்பு, குழாய், தெளிப்பான் இவற்றைப் பராமரிப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. போன வருடம் ஒரு கட்டடத்தைப் புதிதாகப் பொறுப்பெடுத்தபோது பழைய பதிவேட்டைப் புரட்டினேன். மாதந்தோறும் ‘ஆய்வு செய்யப்பட்டது, சரி’ என்று இருந்தது. எட்டாவது மாடிக்குப் போய் ஹைட்ரன்ட் வால்வின் (தீயணைப்பு வீரர்கள் குழாயை மாட்டும் வால்வு) சக்கரத்தைத் திருப்பினேன், அசையவில்லை. பெயின்ட் மேல் பெயின்ட் அடித்துத் தண்டு இறுகிப் போயிருந்தது. பதிவேட்டை எழுதியவர் பொய் எழுதவில்லை. வந்தார், வால்வு இருந்தது, சிவப்பாக இருந்தது, எழுதிவிட்டுப் போனார். திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவர் செய்ததும் ஆய்வு, செய்யாமல் விட்டதும் ஆய்வு. இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் விட்டுப்போனது யார் கண்ணிலும் படவில்லை.

நீர் சார்ந்த தீத்தடுப்பு அமைப்புகளுக்கு உலகெங்கும் எடுத்தாளப்படும் என்எஃப்பிஏ 25 என்ற அமெரிக்க நெறிமுறை (முதல் பதிப்பு 1992) இந்த இரண்டையும் பராமரிப்பையும் தனித்தனியே வரையறுக்கிறது. கண்ணால் பார்த்து, சேதம் இல்லை, வேலை செய்யும் நிலையில் இருப்பதாகத் தெரிகிறது என்று உறுதிசெய்வது ஒன்று. தண்ணீரைத் திறந்துவிட்டு, மணியை அடிக்கவிட்டு, பம்பை ஓட்டி உறுதிசெய்வது இன்னொன்று.

இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதல்ல. பம்பு அறையில் நின்று அழுத்தமானியைப் பாருங்கள். முள் 7 கிலோவில் (சதுர சென்டிமீட்டருக்கு) நிற்கிறது. பிரதான வால்வை யாரோ பழுதுவேலைக்காக அடைத்து, ஒரு சுற்று மட்டும் திறந்துவிட்டுப் போயிருந்தாலும் அதே 7 கிலோதான் காட்டும். ஏனென்றால் குழாயில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கிறது, ஓடவில்லை. இப்போது பிரதான வடிகால் வால்வை முழுக்கத் திறங்கள். வழி சரியாக இருந்தால் முள் சற்று இறங்கி நிலைக்கும். அடைபட்டிருந்தால் உங்கள் கண்முன்னே சரிந்து விழும். போன ஆண்டு ஓட்டத்தில் கண்ட அழுத்தத்தைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் காரணத்தைத் தேட வேண்டும் என்பது விதி.

இதற்கு உலகம் கொடுத்த விலையும் உண்டு. 1991 பிப்ரவரி 23 இரவு, பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் 22ஆம் மாடியில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் குழாயை மாட்டினார்கள். வீச்சுக்கு வலுவில்லை. அங்கிருந்த அழுத்தக் குறைப்பு வால்வுகள் தவறான அளவில் வைக்கப்பட்டிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாத வால்வுகள் அவை. மூன்று வீரர்கள் இறந்தார்கள். மாடி மாடியாக ஏறிய தீ, தெளிப்பான்கள் பொருத்தியிருந்த 30ஆம் மாடியில்தான் நின்றது. பத்துத் தெளிப்பான்கள் திறந்து அதை நிறுத்தின. ஹைட்ரன்ட் இணைப்பில் உள்ள இவ்வகை வால்வுகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழு ஓட்டத்தில் சோதிக்கச் சொல்கிறது இன்றைய நெறிமுறை.

அதற்காகக் கண்ணால் பார்ப்பது தாழ்ந்த வேலை என்று சொல்ல வரவில்லை. தெளிப்பானின் கண்ணாடிக் குமிழை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புத் திரவம் என்றால் 68 டிகிரியில் உடைந்து தண்ணீரைத் திறந்துவிடும். உடைத்துப் பார்த்தால் அந்தத் தெளிப்பான் போயிற்று. அதனால் மாட்டிய இடத்தில் அதைக் கண்ணால் மட்டுமே பார்க்க முடியும்: திரவம் வற்றியிருக்கிறதா, வெள்ளையடித்தவர் அதன் மேலும் பூசிவிட்டாரா, அட்டைப்பெட்டிகளைக் கூரை முட்ட அடுக்கி மறைத்துவிட்டார்களா என்று. பழகிய கண் தரையில் நின்றே கண்டுபிடித்துவிடும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> இலங்கையில் ‘பரிசோதனை’ என்கிறோம். அதையே பொதுவாக வைத்துக்கொள்ளலாமே?

அக்கா, சிக்கலே அங்கேதான். உங்கள் ஊரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்வையிடுபவர். எங்கள் ஊரில் பரிசோதனை என்றால் ரத்தத்தை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. ஒரே சொல், பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இன்னொன்று. பாதுகாப்புப் படிவத்தில் அது வேண்டாம்.

கண்ணால் பார்ப்பதற்கு என் முன்மொழிவு ‘பார்வையீடு’. மதிப்பிடு, மதிப்பீடு ஆகிறது. முறையிடு, முறையீடு ஆகிறது. வெளியிடு, வெளியீடு ஆகிறது. பார்வையிடு மட்டும் ஏன் நிற்க வேண்டும்? வினை ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிறது. பெயர்ச்சொல்லை மட்டும் இலக்கண வழியில் எடுத்துக்கொள்கிறோம்.

மற்றதற்கு ‘இயக்கச்சோதனை’. வெறும் ‘சோதனை’ என்றால் வருமானவரிக்காரர்கள் நினைவுதான் முதலில் வரும். குழுவில் ஒருவர் ‘வெள்ளோட்டம்’ சொன்னார். அழகான சொல். ஆனால் தேர்த் திருப்பணி முடிந்து, திருவிழாவுக்கு முன் இழுத்துப் பார்ப்பதல்லவா வெள்ளோட்டம்? கட்டடம் கட்டி முடித்து, ஒப்படைக்கும் முன் செய்யும் முதல் சோதனைக்கு அதை அப்படியே வைப்போம். மாதாமாதம் செய்வதற்குக் கொடுத்து வீணாக்க வேண்டாம்.

பம்புக்கு இன்னொரு இணை தேவைப்படுகிறது. எங்கள் ஆட்கள் ‘சும்மா ஓட்டுறது’, ‘தண்ணி விட்டு ஓட்டுறது’ என்பார்கள். முதலாவது, தண்ணீரை வெளியே விடாமல் ஓட்டுவது. டீசல் பம்பு என்றால் 30 நிமிடம், மின் பம்பு என்றால் 10 நிமிடம். அந்த நேரம் பம்பின் மேல் கையை வைத்துச் சூட்டைப் பார்ப்போம். தண்டு நுழையும் இடத்தில் நீர் சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும், சொட்டே இல்லையென்றால் உள்ளே காய்ந்து தேய்கிறது என்று பொருள். இரண்டாவது ஆண்டுக்கொருமுறை: குறித்த அளவு தண்ணீரையும் அதன் ஒன்றரை மடங்கையும் வெளியே விட்டுப் பார்ப்பது. ஒன்றரை மடங்கிலும் அழுத்தம், பம்புக்குக் குறித்த அழுத்தத்தில் 65 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. ‘நீர்விடா ஓட்டம்’, ‘நீர்விடும் ஓட்டம்’ என்று வைத்தால் புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கும் சொல்லிலேயே வேலை தெரிந்துவிடும்.

பதிவேட்டில் இனி இரண்டு தனிக் கட்டம் அச்சடிக்கப் போகிறேன். பார்வையீடு செய்தவர் கையெழுத்து ஒன்று, இயக்கச்சோதனை செய்தவர் கையெழுத்து ஒன்று. திறக்காத வால்வுக்கு இரண்டாவது கட்டம் வெறுமையாகவே இருக்கும்.

ஒரு சொல்லுக்கு மட்டும் உங்கள் உதவி வேண்டும், ஐயா. பழுதுபார்க்க வால்வை அடைத்துவைத்திருக்கும் நேரத்தில் கட்டடத்துக்குப் பாதுகாப்பு இல்லை. 24 மணி நேரத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் அப்படி இருந்தால் ஆட்களை வெளியேற்றவோ, சுற்றிவரக் காவலாள் போடவோ, வேறு வழியில் தண்ணீர் தரவோ வேண்டும். அந்த நிலைக்குக் ‘காப்பிழப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். காப்பீட்டுக்காரர்கள் வேறு பொருள் கொள்வார்களோ என்று தயங்குகிறேன். வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன், அதற்குள் ஒரு வரி எழுதினால் போதும்.