மறு: 'பூட் ஆகும்போது ஹேங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

> உதவிப் பக்கத்தில் 'தொடக்க உறைவு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வணக்கம்.

கணினி கிளம்பும்போது பாதியில் நின்றுவிடுவதைத்தானே சொல்ல வருகிறோம். 'தொடக்கம்' சரி. 'உறைவு'தான் இடிக்கிறது. உறைந்தது என்றால் உள்ளே எதுவும் அசையவில்லை என்றாகிவிடும்.

போன மாதம் என் லினக்ஸ் கணினியிலிருந்து இரண்டாவது வட்டைக் கழற்றி அக்கா மகனுக்குக் கொடுத்தேன். தொடங்கும்போது எந்த வட்டுகளை இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதற்கான வரியை நீக்க மறந்துவிட்டேன். மறுநாள் கணினியைப் போட்டால் சின்னம் மட்டும் சுழன்றுகொண்டே இருக்கிறது. கணினியைப் போட்டதும் வரும் கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியிலிருந்து செய்திகளை மறைக்கும் 'கொயட்', 'ஸ்பிளாஷ்' இரண்டையும் எடுத்துவிட்டு மறுபடி கிளப்பினேன். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி இல்லாத வட்டுக்காகக் காத்திருக்கிறது, பக்கத்திலேயே விநாடிகள் ஓடுகின்றன. 1 நிமிடம் 30 விநாடி ஆனதும் கைவிட்டு, அவசரநிலை முனையத்தில் கொண்டுபோய் விட்டது. இலையைப் போட்டுவிட்டு விருந்தாளிக்காக உட்கார்ந்திருக்கும் வீடு மாதிரி. இது உறைவா? அந்த வரியில் 'நோஃபெயில்' என்று சேர்த்திருந்தால் வட்டு இல்லாமலே மேலே போயிருக்கும்.

இதற்குத் 'தொடக்கத் தேக்கம்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. மதகைத் திறந்தால் ஓடிவிடும் நீர்தானே. கேப்ஸ் லாக்கை அழுத்தினால் விளக்குகூட மாறவில்லை, இயங்குதளத்தின் மையமான கெர்னலே நின்றுபோன மாதிரி இருக்கிறது என்றால், அதற்கு 'உறைவு' கச்சிதம்.

———

> 'தொடக்கத் தேக்கம்' என்று வைக்கலாம்

அண்ணா, 'தொங்கல்' இருக்கும்போது புதிதாக எதற்கு? தொங்கு சட்டசபை என்று பத்திரிகையிலேயே எழுதுகிறார்களே. அப்புறம், பொருளாதாரத் தேக்கம் என்று கேட்டுப் பழகியவர்கள், கணினி மந்தமாகத் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அது வேறு சிக்கல். அதற்கு 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' கட்டளையைப் போட்டு எந்தச் சேவை நேரம் தின்கிறது என்று பார்க்கச் சொல்வோம்.

———

> தொங்கு சட்டசபை என்று பத்திரிகையிலேயே

தம்பி சொல்வது நியாயம். ஆங்கிலச் சொல்லின் நிழல் என்று அதை ஒதுக்கியிருந்தேன். ஆனால் 'அந்தக் காரியம் தொங்கலில் கிடக்கிறது' என்று நம் வீடுகளில் சொல்வதும் முடிவாகாமல் காத்திருப்பதைத்தான். தேக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன். 'தொடக்கத் தொங்கல்' என்பது நாக்கில் இடறுகிறது. 'தொடக்கத்தில் தொங்குகிறது' என்று வினையாகவே எழுதிவிடலாம்.

மூன்றாவதாக ஒன்று பாக்கி. கணினி முழுதாகக் கிளம்பிவிட்டது, வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக முடிகிறது, திரை மட்டும் கறுப்பு. வரைகலை இயக்கி காரணமென்றால் பல சமயம் கிரப்பின் அந்த லினக்ஸ் வரியில் 'நோமோட்செட்' கொடுத்ததும் படம் வந்துவிடும். இதையும் தொங்கல் என்று எழுதினால், படிப்பவர் போய் வட்டைக் குடைவார். 'திரையிருள்' என்று யோசித்தேன், கொஞ்சம் கவிதைத்தனமாக இருக்கிறது. வேறு யாருக்காவது தோன்றுகிறதா?