கோவை வீடு: குடும்பக் குழு

அகிலா, 8:52: சுந்தர் மாமா, ஃபார்முலா பாரத் காலேஜ் ரேஸ் போட்டிக்குக் கட்டற எலக்ட்ரிக் கார்ல எந்த மோட்டாருக்கெல்லாம் அனுமதிங்க? வேற மாத்தலாம்னு டீம்ல பேச்சு.

சுந்தர் மாமா, 8:55: மின் மோட்டாரா இருந்தா போதும் கண்ணு. ஒண்ணு போடு, நாலு போடு. கெடுபிடியெல்லாம் பேட்டரிப் பெட்டியை விட்டு வெளிய வர்ற பவர்லதான். 80 கிலோவாட், 600 வோல்ட். தாண்டக் கூடாது.

அகிலா, 8:56: 100 செல் சீரிஸ்ங்க. 400 வோல்ட் × 200 ஆம்ப் = 80 கிலோவாட். இன்வெர்ட்டர்ல 200 ஆம்ப் லிமிட் வச்சாச்சு.

சுந்தர் மாமா, 8:58: அங்கதான் மாட்டுவீங்க. ஃபுல் சார்ஜ்ல 420 வோல்ட். அதுல 200 ஆம்ப் இழுத்தா 84 கிலோவாட். 100 மில்லிசெகண்ட் தொடர்ந்து தாண்டினாலே அந்த ஓட்டம் போச்சு. ஆம்புக்கு லிமிட் வைக்காத, பெருக்கி வர்ற வாட்டுக்கு வை. 76ல நிறுத்து. அளக்கற மீட்டர் போட்டி நடத்தறவங்களோடது, உங்க சென்சார் கம்மியா காட்டிட்டா வம்பு.

பெரியம்மா, 8:59: சாப்ட்டியா கண்ணு?

கார்த்தி, 9:03: அகி, மோட்டாரை விடு. பிஎஸ்பிடி, அதான் பிரேக்கும் மோட்டாரும் ஒண்ணா வேலை செஞ்சா பவரை வெட்டற பாதுகாப்பு போர்டு, ரெடியா? பிரேக்கை அழுத்தமா மிதிக்கறப்ப மோட்டாருக்கு 5 கிலோவாட்டோ மேலயோ போய், அது அரை செகண்டுக்கு மேல நீடிச்சா ஷட்டவுன் சர்க்யூட் (பேட்டரி பவரைத் துண்டிக்கற லைன்) திறக்கணும்.

அகிலா, 9:04: ஆர்டுயினோ போர்டுல புரோகிராம் எழுதியாச்சு ண்ணா.

கார்த்தி, 9:05: செல்லாது. புரோகிராம் பண்ற சிப்பே அதுல இருக்கக் கூடாது. கம்பரேட்டர் (ரெண்டு வோல்ட்டை ஒப்பிடற சிப்), ஆர்சி டிலே (ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வச்ச தாமதம்), ரிலே, அவ்வளவுதான்.

அகிலா, 9:06: பழைய போர்டு ஒண்ணு அப்படித்தான் இருக்கு. காரை ஓட்டாம எப்படி டெஸ்ட் பண்றது?

கார்த்தி, 9:09: கரண்ட் அளக்கற ஹால் சென்சார் ஓட்டைக்குள்ள மெல்லிசு வயரை 10 சுத்து சுத்து. பெஞ்ச் சப்ளைல 1.25 ஆம்ப் விடு. சென்சாருக்கு அது 12.5 ஆம்ப், 400 வோல்ட்ல சரியா 5 கிலோவாட். பிரேக்கை மிதிச்சுட்டே பாரு.

அகிலா, 9:48: ட்ரிப் ஆகல ண்ணா, சர்க்யூட் திறக்கவே இல்ல.

கார்த்தி, 9:49: சென்சார் மேல அம்புக்குறி இருக்கும். கரண்ட் அந்தப் பக்கமா போகுதா?

அகிலா, 9:53: தலைகீழா இருந்துச்சு 🤦 இப்ப ஆகுது.

கார்த்தி, 9:54: அப்படியே சென்சார் கனெக்டரைப் பிடுங்கு. அப்பவும் ட்ரிப் ஆகணும். இன்ஸ்பெக்ஷன்ல அதையும் கேப்பாங்க.

அகிலா, 9:56: ஆகல.

கார்த்தி, 9:58: சிக்னல் அந்தரத்துல மிதக்குது, அதான். போர்டு பக்கம் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 100 கிலோஓம் போடு. உங்க சென்சார் 0.5ல இருந்து 4.5 வோல்ட் வரைக்கும்தானே? 0.3க்குக் கீழ போனா ட்ரிப் ஆகற மாதிரி இன்னொரு கம்பரேட்டர் சேர்த்துரு.